துணைவேந்தரின் அக்கா

நாகர்கோவில்
18-1-2024

அன்புள்ள கலைக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். தைப் பனியில் அவருக்கு லேசான இருமல், மற்றபடி ஒன்றுமில்லை. உன் சுகத்துக்கு எழுது.

நேற்றுக் காலை பேப்பரை விரித்தவர் அடுக்களைக்கே ஓடி வந்துவிட்டார். "கௌசி, நம்ம கலை வி.சி. ஆயிட்டா!" கையிலிருந்த காப்பி தரையில் கொட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. நானும் படத்தைப் பார்த்தேன். நெய்யாறு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் புதிய துணைவேந்தர், கண் மருத்துவப் பேராசிரியர் டாக்டர் தி. கலைச்செல்வி. அந்தப் பச்சைச் சேலை உனக்கு எடுப்பாக இல்லை. நிழல் விழுந்து முகம் கறுத்திருக்கிறது. முதல் பக்கத்துக்கு வேறு படம் கொடுத்திருக்கலாம்.

உடனே போன் செய்தேன். உன் பி.ஏ. அனந்தபத்மநாபன் எடுத்தார். "மேடம் மீட்டிங்கிலாணு, குறச்சு கழிஞ்ஞு விளிக்கூ" என்றார். கொஞ்சம் கழித்துக் கூப்பிடச் சொல்கிறார். கூடப்பிறந்த அக்கா என்று சொன்னேன். "சரி, பறயாம்", சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டார். போகட்டும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் வாக்குவாதம்தான். நமக்கு என்றைக்கும் கடிதம்தான் ஒத்துவரும்.

அப்பா இருந்திருந்தால் ஆரியசாலைக் கடையை ஒரு நாள் முழுக்க அடைத்திருப்பார். எனக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் தங்கப் பதக்கம் கிடைத்தபோது அரை நாள் அடைத்தார். அன்று மிளகு லாரி வரவேண்டியிருந்தது, அதனால் இருக்கும். இரண்டு தடவை நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே வந்தவள் இன்று இந்த இடத்துக்கு வந்திருப்பதில் எங்கள் எல்லோருக்கும் பெருமை.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு என் பேரில் ஒரு தேங்காய் உடைத்துவிடு.

உன் அன்பு அக்கா,
கௌசல்யா


திருவனந்தபுரம்
4-2-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு இருமல் நின்றதா? உன் வலது கை எப்படி இருக்கிறது? பனிக்காலத்தில் அந்த மணிக்கட்டு வலிக்குமே. நான் சுகம். பழவங்காடியில் உன் பேரில் பதினோரு தேங்காய் உடைத்தேன்.

நீ பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். உத்தரவு என் கைக்கு வரும்போதே சாயங்காலம் ஆறு மணி. பதவியேற்ற அன்று முன்வரிசையில் உங்கள் இருவருக்கும் நாற்காலி ஒதுக்கி வைத்திருந்தேன். அத்தான் மட்டும் வந்தார். உனக்குக் கண் முகாம் என்றார். மேடையில் இருந்தபடியே அந்தக் காலி நாற்காலியை நான்கைந்து முறை பார்த்தேன்.

ஒற்றை ஆளுக்கு ஏழு அறை வீடு கொடுத்திருக்கிறார்கள். முப்பத்து நான்கு வருடம் இருட்டறையில் உட்கார்ந்து ஒரு நேரத்துக்கு ஒரு கண் என்று பார்த்தவள் நான். ஐந்நூறு கண்கள் சேர்ந்து என்னைப் பார்க்கும்போது கூச்சமாக இருக்கிறது. நர்சிங் பிள்ளைகளின் தேர்வு முடிவு எட்டு மாதமாக வரவில்லை. முதலில் அதைச் சரிசெய்யப் பார்க்கிறேன். சனிக்கிழமை காலையில் மட்டும் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கிறேன். அனந்தபத்மநாபனுக்கு அது பிடிக்கவில்லை. "வி.சி. ஓ.பி.யில் இரிக்குந்நது சரியல்ல மேடம்" என்கிறார்.

உன் ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது? மாதம் எத்தனை அறுவை செய்கிறாய்? நீ அதைப்பற்றி எழுதுவதே இல்லை.

உன் தங்கை,
கலை


நாகர்கோவில்
27-2-2024

அன்புள்ள கலைக்கு,

இருவரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பெரிய பதவிக்காரர்களுக்குச் சர்க்கரையும் பெரிதாகத்தான் வரும்.

உன் அத்தான் பேப்பரில் வந்த படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு ஆஸ்பத்திரி வரவேற்பில் மாட்டியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தங்கப் பதக்கப் படம் இருந்த ஆணியில்தான் அது தொங்குகிறது. என்னுடையது மருந்துக்கடைப் பக்கம் போய்விட்டது. இப்போது புதிதாக வருகிறவர்கள் சீட்டுப் போடும்போதே கேட்கிறார்கள், "வி.சி.யோட அக்காவா நீங்க?" நாற்பது வருடமாக இந்த ஊரில் எனக்கு ஒரு பேர் இருந்தது.

தோவாளைப் பூ வியாபாரி பகவதிப்பெருமாளை உனக்கு நினைவிருக்கலாம். அவருடைய இடது கண்ணுக்குப் பதினெட்டு வருடம் முன்பு நான்தான் அறுவை செய்தேன். போன வாரம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "டாக்டரம்மா, தப்பா நெனைக்கப்பிடாது. வலது கண்ண ஒங்க தங்கச்சிகிட்ட காட்டலாமுன்னு இருக்கேன். அவ்வோ பெரிய எடத்துல இருக்காவல்லா. நீங்க ஒரு லெட்டர் தந்தியன்னா போதும்." எழுதிக் கொடுத்தேன். வந்தால் பார்.

ஒரு விஷயம். உனக்குப் பாராட்டு மலர் ஒன்று போடவேண்டும் என்று உன் அத்தான் குதிக்கிறார். நீ பேராசிரியர் ஆன தேதி என்ன? நடுவில் என் விபத்தின்போது விடுப்பு எடுத்தாயே, அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? சரியாக எழுது.

அன்புடன்,
அக்கா


திருவனந்தபுரம்
12-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இங்கே மீனமாத வெயில் இப்போதே கொளுத்துகிறது. அங்கும் அப்படித்தான் இருக்கும். மோர் குடி, அத்தானையும் குடிக்கச் சொல்.

படத்தைக் கழற்றச் சொல்லி அத்தானுக்கு நான் தனியாக எழுதுகிறேன். உன் ஆஸ்பத்திரியில் உன் படம்தான் இருக்கவேண்டும்.

நான் பேராசிரியர் ஆனது 2013 ஜூன் 14. விடுப்பு 2015 மார்ச் 2 முதல் 2016 செப்டம்பர் 30 வரை, பத்தொன்பது மாதம். ஆனால் அக்கா, விடுப்பை மலரில் எழுத வேண்டாம் என்று அத்தானிடம் சொல். உன்னைக் கவனித்துக்கொள்வதற்கு என்று எழுதிக் கொடுத்துத்தான் அந்த விடுப்பை வாங்கினேன். உன் கை முறிந்து கிடந்த காலத்தில் உன் தியேட்டரில் நான் அறுவை செய்தது சர்க்கார் விதிப்படி தப்பு. சம்பளம் வாங்கவில்லை என்றாலும் தப்புதான். துணைவேந்தருக்குப் பத்து வருடப் பேராசிரியர் அனுபவம் வேண்டும் என்பது சட்டம். விடுப்புக் காலம் அதில் சேராது. அந்தப் பத்தொன்பது மாதத்தைக் கழித்தால் எனக்கு ஒன்பது வருடம்தான் வரும். உன்னிடம் சொல்வதற்கென்ன.

பகவதிப்பெருமாள் ஒரு கூடை பிச்சிப்பூவோடு வந்தார். வேறு டாக்டரிடம் அனுப்பப் பார்த்தேன், கேட்கவில்லை. வருகிற சனிக்கிழமை நானே செய்கிறேன். நீ செய்த இடது கண் பதினெட்டு வருடத்துக்குப் பிறகும் பளிங்கு மாதிரி இருக்கிறது. கூட நின்ற பிள்ளைகளுக்கு அதைக் காட்டினேன்.

உன் தங்கை,
கலை


நாகர்கோவில்
6-5-2024

அன்புள்ள கலைக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முகாம், கல்யாணங்கள், வெயில். உன் அத்தானுக்கு இருமல் இல்லை.

மலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பகவதிப்பெருமாள் வந்து கண்ணைக் காட்டிவிட்டுப் போனார். நன்றாகச் செய்திருக்கிறாய்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


திருவனந்தபுரம்
20-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானும் நீயும் சுகம்தானே? இங்கே மழை விடாமல் பெய்கிறது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

வேந்தர் அலுவலகத்துக்கு என்மேல் ஒரு மனு வந்திருக்கிறது. பேர் இல்லை. இங்கிலீஷில் டைப் செய்த இரண்டு பக்கம். நான் பேராசிரியர் ஆன தேதி, விடுப்பு எடுத்த தேதிகள் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கின்றன. அந்தக் காலத்தில் நான் தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை செய்தேன் என்பதற்கு உன் தியேட்டர் ரிஜிஸ்டரின் மூன்று பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்றிலும் என் கையெழுத்து. ஜூலை 29ஆம் தேதி விசாரணை.

விஷயம் எப்படியோ டி.வி.க்காரர்களுக்குப் போய்விட்டது. காலையில் கேட்டைத் திறந்ததும் மைக்கை நீட்டினார்கள். "மேடம், யோக்யத இல்லாதெயாணோ வி.சி. ஆயது?" தகுதி இல்லாமலா துணைவேந்தர் ஆனீர்கள் என்று கேட்கிறான், என் மாணவன் வயதுதான் இருக்கும். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். நர்சிங் தேர்வு முடிவு போன வாரம்தான் வெளியானது. அதைப்பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

வக்கீல் ஒன்று கேட்கச் சொன்னார். அசல் ரிஜிஸ்டர் எங்கே இருக்கிறது? அசல் இல்லையென்றால் ஜெராக்ஸ் செல்லாது என்று வாதாடலாமாம். அக்காவைக் கவனிக்கத்தான் வந்தாள், அறுவை செய்யவில்லை என்று நீ ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்கிறார். அவர் கேட்டதை எழுதியிருக்கிறேன். இன்னும் நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை.

கலை


நாகர்கோவில்
23-6-2024

என் அன்புத் தங்கை கலைக்கு,

கடிதம் கண்டதும் பதறிப்போனேன். சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா? பி.பி. பார்த்தாயா? தனியாக இருக்காதே, யாரையாவது துணைக்கு வைத்துக்கொள். உன் அத்தானிடம் சொன்னால் தாங்கமாட்டார் என்று இன்னும் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தேன். அந்த ரிஜிஸ்டர் இருக்கும் அலமாரிச் சாவி என்னிடமும் மேனேஜர் பிரவின்ராஜிடமும்தான் இருக்கிறது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது போதாதா? இருபத்திரண்டு வருடம் உப்பிட்ட இடத்துக்குத் துரோகம் செய்தவனை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டேன். ரிஜிஸ்டரையும் இப்போது காணோம். அவன்தான் கொண்டுபோயிருப்பான்.

வக்கீல் கேட்ட கடிதத்தை உடனே தருகிறேன். எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் சொல். நீ சின்ன வயதிலிருந்தே பயந்தவள். நான் இருக்கிறேன்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அக்கா


திருவனந்தபுரம்
16-7-2024

அக்காவுக்கு,

நேற்று பிரவின்ராஜ் இங்கே வந்தான். அவன் மகள் லிபிக்கு இந்த வருடம் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி நாகராஜா கோயிலில் போய் உட்கார்ந்திருக்கிறான். இங்கே ஏதாவது கடைநிலை வேலை கிடைக்குமா என்று கேட்க வந்தான். மழையில் நனைந்திருந்தான். துண்டு கொடுத்து டீ கொடுத்தேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது அவனாகவே ஒரு விஷயம் சொன்னான். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அவனைத் திரும்ப வேலைக்கு எடு. நாளைக்கே.

எனக்குக் கடிதம் எதுவும் வேண்டாம். இருபத்தொன்பதாம் தேதி நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன்.

கலை


நாகர்கோவில்
14-8-2024

அன்புள்ள கலைக்கு,

இருவரும் சுகம். மழை குறைந்துவிட்டது.

பிரவின்ராஜ் ஜூலை பதினெட்டாம் தேதியே வேலைக்கு வந்துவிட்டான். சம்பளமும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். என்னிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான்.

நீ ராஜினாமா செய்ததை டி.வி.யில் பார்த்தோம். அதிலும் முதல் செய்தி நீதான். நர்சிங் பிள்ளைகள் கேட்டில் நின்று அழுததைக் காட்டினார்கள். 'உண்மையைச் சொல்லிப் பதவியைத் துறந்தவர்' என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். உன் அத்தான் அதையும் வெட்டி வைத்திருக்கிறார். கிடைத்தாலும் உனக்குப் பேர், விட்டாலும் உனக்குப் பேர். நாளைக்கு நான் ஆஸ்பத்திரியை மூடினால் வாசலில் பூ விற்கிறவள்கூட அழமாட்டாள்.

இப்போது எங்கே இருக்கிறாய்? அந்த வீட்டைக் காலி செய்தாயா? எழுது.

அக்கா


நாகர்கோவில்
8-10-2024

கலை,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. கல்லாறு என்ற மலையடிவார ஊரில் ஒரு டிரஸ்டின் சின்னக் கண் கிளினிக்கில் உட்காருகிறாய் என்று பகவதிப்பெருமாள்தான் சொன்னார். விலாசத்தையும் அவர்தான் தந்தார்.

மனுவை எழுதியது நான்.

உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எழுத வேண்டியவள் நான்தான். மலர் என்று ஒன்று கிடையாது. தேதிகளைக் கேட்டபோது அதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. கேட்டு வைத்துக்கொண்டேன். ஏப்ரலில் பகவதிப்பெருமாள் நீ செய்த கண்ணைக் காட்ட வந்தார். கையால் ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடி, காலண்டரைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் இப்பந்தான் தெரியுது டாக்டரம்மா. இது அப்பிடியே கண்ணாடி!" என்னைப் புண்படுத்துகிறோம் என்று அவருக்குத் தெரியாது. பதினெட்டு வருடம் முன்பு கிடைத்த லென்ஸ் வேறு, இன்றைய லென்ஸ் வேறு என்று அவரிடம் விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று மத்தியானமே இன்சூரன்சுக்கு வேண்டும் என்று சொல்லி பிரவின்ராஜை ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னேன். அவன் தரையைப் பார்த்தது எனக்காக வெட்கப்பட்டுத்தான். ரிஜிஸ்டர் என் பீரோவில் இருக்கிறது.

மாதம் எத்தனை அறுவை என்று கேட்டாயே. இரண்டு வருடமாக ஒன்றுகூட இல்லை. முறிந்த கை ஒட்டியது, பழைய பிடிமானம் திரும்பவில்லை. சில வருடம் சமாளித்துப் பார்த்து விட்டுவிட்டேன். லிஜோ என்று ஒரு சின்ன டாக்டர் செய்கிறான், நான் கையெழுத்துப் போடுகிறேன். என் தியேட்டரில் பத்தொன்பது மாதம் உன் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இந்தக் கை எனக்கு இருந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு கேஸிலும் நினைத்தேன். நீ எனக்கு உதவி செய்ய வந்திருக்கிறாய் என்பது ஒரு நாள்கூட மனதில் நிற்கவில்லை.

உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள், "கலைக்கு எழுதினியா?" என்று மட்டும் கேட்டார்.

இன்னொன்று. என் வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. ஆறு மாதமாக எதிரே வரும் வண்டியின் விளக்கு பூப்பூவாகச் சிதறுகிறது. யாரிடமும் காட்டவில்லை. இந்த ஊரிலேயே நான்கு பேர் செய்வார்கள். எனக்கு நீ செய்ய வேண்டும். மன்னிப்புக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததில் உன் கையைவிட நல்ல கை இல்லை. இதை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

கௌசல்யா


கல்லாறு
21-11-2024

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

விசாரணையில் நடந்தது உனக்குத் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டார்: "ஆ பத்தொம்பது மாசம் டாக்டர் எவிடெயாயிருந்நு?" எங்கே இருந்தேன் என்று கேட்டார். "அக்காவின் ஆஸ்பத்திரியில் அறுவை செய்துகொண்டிருந்தேன்" என்றேன். "பின்னெ ஃபாமில் ஆ காலம் கூட்டியது ஆராணு?" படிவத்தில் அந்தக் காலத்தைச் சேர்த்தது யார் என்று கேட்டார். அலுவலகத்தின் தவறு என்று சொல்லும்படி வக்கீல் என் காலை மிதித்தார். "நானே சேர்த்தேன். தெரிந்துதான் சேர்த்தேன்" என்றேன்.

அதுதான் உண்மை. ஒரு வாரம் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. இன்னும் ஒரு வருடம் காத்திருந்தால் தகுதி தானாக வந்திருக்கும், ஆனால் அந்த இடம் காத்திருக்காதே. பேப்பரில் எழுதியதைப்போல நான் எதையும் துறக்கவில்லை. பிடிபட்டேன், ஒப்புக்கொண்டேன். உன் மனுவைப் பலமுறை படித்தேன். ஒரு பொய்யாவது இருக்கும் என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் உன்னை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

மனுவைவிட எனக்குத் தாங்க முடியாதது பிரவின்ராஜ் விஷயம்தான். அதைப்பற்றி நீ அவனிடம்தான் பேச வேண்டும், என்னிடம் இல்லை. சம்பளத்தைக் கூட்டியது போதாது.

இப்போது உன் கண். நான் செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. இப்போது முடியாது. உன் கடிதத்தைப் படித்த அன்று காணிப் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அறுவை இருந்தது. கை கழுவிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். விரல் நடுங்கியது. முப்பத்து நான்கு வருடத்தில் முதல் தடவை. எழுந்து வெளியே வந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போய்த்தான் செய்தேன். இந்தக் கோபத்தோடு உன் கண்ணில் கத்தி வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஒரு இடத்தில் நான் தவறு செய்ய விரும்பவில்லை.

மாதத்துக்கு ஒரு தடவை லிஜோவிடம் கண் அழுத்தம் பார்த்துக்கொள். அவசரம் என்று அவன் சொன்னால் அவனே செய்யட்டும், மறுக்காதே. இல்லையென்றால் சித்திரை கழியட்டும், எழுதுகிறேன். புரை பொறுக்கும். எனக்குத்தான் நாள் வேண்டும்.

அதுவரை இருட்டிய பிறகு கார் ஓட்டாதே.

கலை